நான்காவது பொத்தான்

எவா தீவின் ஒஹோனுவா படகுத் துறையில் டிக்கெட் விற்கும் லெசியேலி போன் எடுப்பதை விட்டுப் பதினோரு மாதம் ஆகிறது. கை நன்றாகத்தான் இருந்தது, காதும் கேட்டது. மேஜை மேல் கிடக்கும் அலுவலக போன் அடிக்கும். அவள் அதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அது அடித்து ஓயும். டிக்கெட்டுக்கு நிற்கிறவர்கள் பொறுக்க மாட்டாமல், "எடும்மா, காது வலிக்குது" என்பார்கள். உடனே போனை எடுத்து, சொன்ன ஆளிடமே நீட்டிவிடுவாள். இப்படிப் பன்றிக்குட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்ற ஒரு விவசாயி, பள்ளிக்கூடத்துப் பெண் பிள்ளைகள் இரண்டு பேர், ஒரு பாதிரியார் என்று பலபேர் படகுக் கம்பெனியின் சார்பில் பதில் சொல்லியிருக்கிறார்கள். பாதிரியார், "ஆண்டவருக்குச் சித்தமானால் வரும்" என்று சொல்லி அன்றைக்குப் பாதி ஊரை வீட்டிலேயே நிறுத்திவிட்டார்.

எவா தீவில் அந்தப் போனுக்கு வரும் கேள்வி ஒன்றே ஒன்றுதான். இன்றைக்குப் படகு வருமா? பெரிய தீவிலிருந்து விடிகாலையில் கிளம்பும் படகு, நடுவிலுள்ள பொல்லாத ஜலசந்தியைத் தாண்டி ஒன்பது மணிவாக்கில் துறைக்கு வரவேண்டும். அலை கூடினால் பாதி வழியில் திரும்பிவிடும். இந்த ஒரு கேள்விக்குப் பதினாலு வருஷம் பதில் சொன்னவள் லெசியேலி. வெறுமனே வரும், வராது என்று சொல்லி வைத்துவிடுகிற ஆள் அல்ல அவள். "கிளம்பிருச்சு, ஆனா கேப்டன் குரல்ல தெம்பே இல்ல. நீ குளிச்சு, சாப்பிட்டு, எட்டு மணிக்கு இன்னொரு தடவை கூப்பிடு. உங்க அம்மாவுக்கு முட்டி வலி எப்படி இருக்கு?" என்பாள். படகைப் பற்றி ஒரு வரி, அதன்மேல் பத்து வரி. போன் வைக்கும்போது கேட்டவருக்குப் படகு மட்டுமல்ல, ஊரே புரிந்துவிடும்.

மற்றபடி சாதாரணப் பெண்தான். அப்பா மரத்தோட்டத்தில் மரம் வெட்டினார். கோவில் பாடகர் குழுவில் மூன்றாவது வரிசையில் கனத்த குரலில் பாடுவாள். கணவன் ஃபோலாவ், கவா என்கிற போதை வேரைப் பயிர் செய்கிறவன், அதைக் கரைத்துக் குடிப்பதிலும் குறை வைக்காதவன். பிள்ளைகள் இல்லை. அதைப் பற்றி யாரும் கேட்பதில்லை, அவளும் சொல்வதில்லை.

ஒரே தம்பி கெலெப்பி. தீவின் மேல்நிலைப் பள்ளியில் கம்ப்யூட்டர் வாத்தியார். அக்காவும் தம்பியும் வயதுக்கு வந்தபிறகு எங்கள் வழக்கப்படி ஒரே அறையில் உட்கார்ந்ததில்லை, ஒரே டிவியைப் பார்த்ததில்லை. அவன் அவள் முன்னால் வேடிக்கைப் பேச்சுப் பேச மாட்டான். உடம்பு, பிள்ளைப்பேறு சம்பந்தமாக ஒரு சொல் அவன் வாயிலிருந்து அவள் காதில் விழக்கூடாது. வெளியூர்க்காரர்கள் இதைப் பகை என்று நினைத்துக்கொள்வார்கள். பகை இல்லை, மரியாதை. தம்பிக்கு அக்காவைவிடப் பெரிய ஆள் இந்த உலகத்தில் கிடையாது. அவனுக்குப் பிறக்கும் குழந்தைக்குப் பெயர் வைப்பதே அவள்தான். அவர்களுக்கு நடுவே பேச்சைக் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தவள் கெலெப்பியின் மனைவி லூபே. "உங்க தம்பி இதைக் கேட்டாரு", "உங்க அக்கா அதைச் சொன்னாங்க" என்று நாளுக்கு நாலு தடவை இரண்டு வீட்டுக்கும் நடப்பாள். ஏழு மாத வயிற்றைத் தூக்கிக்கொண்டும் நடந்தாள்.

போன ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு அலுவலக போன் அடித்தது. லெசியேலி எடுத்தாள். தம்பி குரல். "அக்கா, போட் வருதுங்களா?" என்றான். "வருது" என்றாள். "சரிங்கக்கா" என்று வைத்துவிட்டான். அவ்வளவுதான் பேச்சு.

வேறு யாராவது கேட்டிருந்தால், படகு கிளம்பிவிட்டது, ஆனால் சற்று முன்புதான் கேப்டன் ரேடியோவில் அலை மோசம் என்றான், நம்பிக்கொண்டு நிற்காதே என்று சொல்லியிருப்பாள். எதற்கு இந்த நேரத்தில் என்றும் கேட்டிருப்பாள். கேட்டது தம்பி. அதனால் ஒரே சொல்லோடு நிறுத்திக்கொண்டாள். அந்தப் பக்கம் கெலெப்பியும் வேறு யாரிடமாவது பேசியிருந்தால், லூபேக்கு விடிகாலையிலிருந்து ரத்தம் போகிறது, இன்றைக்கே பெரிய தீவுக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார் நர்ஸ் என்று சொல்லியிருப்பான். எடுத்தது அக்கா. அதை எப்படி அக்காவிடம் சொல்வது?

அன்று எட்டரைக்குக் குட்டி விமானம் ஒன்று இருந்தது. அதில் இடமும் இருந்தது. கெலெப்பி படகை நம்பி லூபேயைத் துறையில் கொண்டுவந்து உட்கார வைத்தான். துறையின் அந்தக் கோடியில் அவர்கள், இந்தக் கோடியில் டிக்கெட் ஜன்னலுக்குள் லெசியேலி. நடுவில் வண்டிகள், சாக்கு மூட்டைகள், ஜனம். பத்தரை மணிக்குப் படகு திரும்பிப் போய்விட்டது என்று செய்தி வந்தது. அதற்குமேல் விமானம் சாயங்காலம்தான். மத்தியானம் இரண்டு மணிக்கு லூபே இறந்துபோனாள், குழந்தையும் போய்விட்டது.

மரியாதை அவளைக் கொன்றது என்று சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. கொல்லவில்லை என்று சொல்லவும் துணிச்சல் இல்லை.

சாவு வீட்டில் லெசியேலிக்கு அழுகை வரவில்லை. பெண்கள் நெஞ்சில் அறைந்துகொண்டு அழுதார்கள். அவள் பாய்மேல் உட்கார்ந்து அவர்கள் வாய் திறந்து மூடுவதைப் பார்த்தாள். அதற்குப் பிறகும் வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் எப்படி இருக்கும், அப்படி இருந்தது உடம்பு முழுக்க. சேனைக்கிழங்கைச் சுடச்சுட வாயில் போட்டு, நாக்கு கொப்பளித்த பிறகுதான் சூடு என்று தெரிந்துகொண்டாள். குழந்தைக்கென்று ஒரு பெயர் யோசித்து வைத்திருந்தாள். அதை யாரிடமும் சொல்லவில்லை. பாடகர் குழுவில் வரிசையில் நின்று வாயை மட்டும் அசைத்தாள். வேலைக்குப் போனாள், வந்தாள். போனை மட்டும் எடுக்க முடியவில்லை. "வருது" என்ற சொல் தொண்டைக்கு வந்தால் நாக்கு புரளவில்லை. "வரல" என்பதும் அப்படித்தான்.

கம்பெனி முதலாளி நல்ல மனிதர், பதினோரு மாதம் பொறுத்தார். ஜூன் முதல் வாரம் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து ஜன்னல் முன்னால் நின்றார்.

"லெசியேலி, உன்னைப் போகச் சொல்ல எனக்கு வாய் வரல. ஆனா நேத்து எனக்குப் போன் போட்டு ஒருத்தன், உங்க கம்பெனில ஊமைங்களத்தான் வேலைக்கு வெப்பீங்களான்னு கேக்குறான். மாசக் கடைசிக்குள்ள போனை எடு. இல்ல, ஜனங்களுக்குப் போட் விவரம் தெரியிற மாதிரி வேற வழி ஏதாவது பண்ணு. ரெண்டும் முடியலன்னா ஜன்னல்ல வேற ஆளை உக்கார வெக்கணும்."

"வேற வழி பண்றேன்" என்றாள் லெசியேலி. அப்படிச் சொன்னது தான்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

வேறு வழி என்று அவள் மனதில் இருந்தது ஒன்றுதான். மார்ச் மாதத்திலிருந்தே இணையத்தில் ஓர் இலவசப் பாடத்தில் சேர்ந்திருந்தாள். கைப்பேசிக்கு ஆப் செய்யக் கற்றுக்கொடுக்கும் பாடம். சேர்ந்ததற்குக் காரணம், அதில் யாரும் யாரோடும் பேசவேண்டியதில்லை, எல்லாம் தட்டச்சுதான். அவள் செய்ய நினைத்த ஆப் மிகச் சின்னது. திறந்தால் ஒரு வரி இருக்கும்: இன்றைய படகு. கிளம்பிவிட்டது, அல்லது திரும்பிவிட்டது. அதை அவள் காலையில் ஒரு முறை தட்டிவிடுவாள், ஊர் பார்த்துக்கொள்ளும். அவள் வாயால் யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டாம். வேலையும் போகாது, அந்தச் சொல்லையும் சொல்ல வேண்டாம்.

முதல் பாடத்தின் தலைப்பு, கருவிகளை நிறுவுவது. பாடம் நடத்திய இளைஞன் திரையில் பல்லெல்லாம் தெரியச் சிரித்து, பத்து நிமிடத்தில் முடிந்துவிடும் என்றான். லெசியேலிக்கு முதல் பாடமே மூன்று மாதம் ஓடியது.

அவளிடம் இருந்தது ஆக்லாந்திலிருந்து நாத்தனார் அனுப்பிய பீப்பாயில், மாவுப் பைக்கும் டின் இறைச்சிக்கும் நடுவே வந்த பழைய லேப்டாப். ஆப் செய்யும் மென்பொருளை இறக்கினால்தான் எதுவும் நடக்கும். அது பெரிது. இறக்க ஆரம்பித்தால் நாலில் ஒரு பங்கு வந்ததும் இணையம் நின்றுவிடும், மறுபடி முதலிலிருந்து. சனிக்கிழமை மத்தியானம் முக்கால் பங்கு வந்திருந்தது. அது முடிய ஞாயிற்றுக்கிழமையாகிவிடும் என்று கணக்குக் காட்டியது. ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊரில் அடுப்பைத் தவிர எதுவும் வேலை செய்யக்கூடாது. மெஷின் தானாகச் செய்வது வேலையில் சேருமா சேராதா என்று ஃபோலாவ் கவா குடிக்கும் வட்டத்தில் கேட்டு வைக்க, ஏழு பெரியவர்கள் மூன்று மணி நேரம் விவாதம் பண்ணி முடிவுக்கு வரவில்லை. அவள் வம்பே வேண்டாம் என்று சாயங்காலமே நிறுத்திவிட்டாள். திங்கள்கிழமை மறுபடி சுழியிலிருந்து.

வேறொருத்தியாக இருந்தால் லேப்டாப்பைத் தூக்கிக் கிணற்றில் போட்டிருப்பாள். மரத்துப்போன ஆளுக்கு அது பொருத்தமான வேலை. திரையில் நீலக் கோடு ஊர்ந்துபோவதைப் பார்த்துக்கொண்டு மணிக்கணக்கில் உட்கார முடிந்தது. கோடு நின்றால் வருத்தமில்லை, நகர்ந்தால் மகிழ்ச்சியில்லை. மே கடைசியில் ஒருவழியாக இறங்கி முடிந்தது. திறந்தால், இதற்கு இன்னும் பாகங்கள் தேவை, அவை இருக்கும் இடம் தெரியவில்லை என்று சிவப்பு எழுத்தில் வந்தது. பாகங்கள் முன்னதைவிடப் பெரியவை.

முதலாளி வந்துபோன அன்று சாயங்காலம் ஃபோலாவ் அவள் பின்னால் நின்று சிவப்பு எழுத்தைப் பார்த்தான்.

"இது என்ன சொல்லுது?"

"எதையோ காணோம்னு சொல்லுது."

"எதை?"

"தெரிஞ்சா நான் ஏன் இங்க உக்காந்திருக்கேன்?"

ஃபோலாவ் தலையைச் சொறிந்துகொண்டு வெளியே போனான்.  மறுநாள் பள்ளி விட்டதும் அவளைக் கேட்காமலே கெலெப்பியை அழைத்துக்கொண்டு வந்தான்.

கெலெப்பி வீட்டுக்குள் வரவில்லை. ஜன்னலுக்கு வெளியே ஈரப்பலா மரத்தடியில், முதுகை ஜன்னல் பக்கம் வைத்து உட்கார்ந்தான். கறுப்புச் சட்டை, இடுப்பைச் சுற்றிக் கட்டிய துக்கப் பாய். வருஷம் முடிய இன்னும் ஒரு மாதம் அவன் அதைக் கட்டவேண்டும். லெசியேலி உள்ளே ஜன்னல் ஓரம் லேப்டாப்போடு உட்கார்ந்தாள். நடுவில், ஜன்னல் கட்டையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு ஃபோலாவ். இதற்கு முன்னால் அந்த இடத்தில் நின்றவள் லூபே. மூன்று பேருக்கும் அது தெரியும்.

"மச்சான், சிவப்பா ஏதோ எழுதியிருக்கு" என்றான் ஃபோலாவ் வெளியே பார்த்து.

"என்ன எழுதியிருக்குன்னு முழுசாப் படிக்கச் சொல்லுங்க அத்தான்."

"முழுசாப் படிக்கணுமாம்."

லெசியேலி படித்தாள். தம்பிக்கு நன்றாகவே கேட்கும் தூரம்தான். ஆனாலும் ஃபோலாவ் அதை மறுபடி சொன்னான், தவறாகச் சொன்னான். கெலெப்பி ஜன்னல் பக்கமிருந்து காதில் விழுந்த சரியானதைக் கேட்டுக்கொண்டு, ஃபோலாவ் சொன்னதற்குப் பதில் சொல்வதுபோல் பதில் சொன்னான். மரியாதை என்றால் இப்படித்தான் சுற்றிப் போகவேண்டும். ஃபோலாவுக்கு இது புரிய இரண்டு நாள் ஆனது.

"ரெண்டு பேருக்கும் காது கேக்குது. அப்புறம் நான் எதுக்கு?" என்றான் மூன்றாம் நாள்.

"நீங்க இருந்தாத்தான் கேக்கும்" என்றாள் லெசியேலி.

"நல்ல பொழப்பு. கவாக் கொல்லை புல்லு மண்டிக் கிடக்கு, நான் இங்க தந்திக் கம்பமா நிக்குறேன்."

காணாமல்போன பாகங்களைக் கெலெப்பி பள்ளிக்கூடத்து இணைப்பில் இறக்கி, பென் டிரைவில் கொண்டுவந்தான். ஃபோலாவ் வாங்கி உள்ளே கொடுத்தான். எந்தப் பாகம் எந்தக் கோப்புறையில் என்று மரத்தடியிலிருந்து சொல்லச் சொல்ல அவள் நகலெடுத்தாள். சிவப்பு மஞ்சளாகி, மஞ்சளும் போனது. அடுத்தது, செய்த ஆப்பைப் போட்டுப் பார்க்கத் திரையிலேயே ஒரு பொய்க் கைப்பேசி. அதைத் திறந்ததும் லேப்டாப் மூச்சுவிட மறந்து அப்படியே நின்றுவிட்டது. விசிறி மட்டும் இரைந்தது.

"செத்துப்போச்சு மச்சான்" என்றான் ஃபோலாவ். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

மரத்தடியில் கெலெப்பி இடுப்புப் பாயின் முடிச்சைச் சரிசெய்தான். பிறகு கெலெப்பி, "பழைய மெஷின் தாங்காது. நெஜ போன்லயே போட்டுப் பாத்துக்கலாம். ஒரு ஒயரு வேணும்" என்றான்.

ஒயரில் ஒரு வாரம் போனது. வீட்டில் கிடந்த நாலு ஒயரும் சார்ஜ் ஏற்றுகிற ஒயர், தகவல் எதையும் கடத்தாத ஒயர். போனைச் செருகினால் லேப்டாப் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. இது ஒயரின் குற்றம் என்று கண்டுபிடிக்கும்வரை அந்த லேப்டாப்பை ஃபோலாவ் திட்டாத திட்டில்லை. ஐந்தாவது ஒயரைக் கெலெப்பி பள்ளிக்கூடத்துக் கேமராவிலிருந்து கழற்றிக்கொண்டு வந்தான். அப்புறம் போனை அதற்கு இணங்க வைக்கவேண்டும். செட்டிங்ஸில் அடியாழத்தில் ஓர் எண் ஒளிந்திருக்கிறது, அதை ஏழு முறை தட்டவேண்டும் என்றான் கெலெப்பி.

"ஏழு தடவையா? எதுக்கு ஏழு? ஏழு சுத்துல இடிஞ்சு விழ, பைபிள்ல வர்ற எரிகோ மதிலா இது?"

"அப்படித்தான் பண்ணி வெச்சிருக்காங்க அத்தான்."

"நானே தட்டுறேன். இவ்வளவு நாள் நின்னதுக்கு இதாவது என் கையால நடக்கட்டும்."

ஃபோலாவ் தட்டத் தட்ட எண்ணினான். ஏழாவது தட்டில், நீங்கள் இப்போது ஆப் உருவாக்குகிறவர் என்று போன் அறிவித்தது. "பாத்தியா, நான் ஆயிட்டேன்" என்று அவன் கத்த, தெருவில் போன ஒரு பன்றி நின்று பார்த்தது. மரத்தடியில் தம்பியின் தோள் இலேசாகக் குலுங்கியதை லெசியேலி பார்த்தாள். சிரிக்கிறான். பதினோரு மாதத்தில் அவன் சிரித்து அவள் பார்க்கவில்லை. தனக்கும் ஏதாவது தோன்றுகிறதா என்று உள்ளே தேடிப் பார்த்தாள். இல்லை.

ஜூன் இருபத்துநாலாம் தேதி, வியாழக்கிழமை, சாயங்காலம் நாலேகாலுக்குப் போன் திரையில் அவள் எழுதிய வரி வந்தது. வெள்ளைத் திரை, நடுவில் கறுப்பில், இன்றைய படகு: தெரியவில்லை. ஃபோலாவ் அதை வாங்கிப் பார்த்து, "இதுக்கா மூணு மாசம்? தெரியலன்னு சொல்றதுக்கு நானே போதுமே" என்றான். ஆனால் போனைத் திருப்பிக் கொடுக்காமல் இரண்டு தடவை மூடித் திறந்து பார்த்தான்.

மறுநாள் 'கிளம்பிவிட்டது', 'திரும்பிவிட்டது' என்று மாற்றுகிற வழியையும் செய்து முடித்தாள். மாசக் கடைசிக்கு ஐந்து நாள் இருந்தது. அவளைப் பொறுத்தவரை வேலை முடிந்தது. லேப்டாப்பை மூடப் போனாள்.

"அத்தான்" என்றான் வெளியே கெலெப்பி. "இது மட்டும் போதாதுன்னு அக்காகிட்டச் சொல்லுங்க."

"போதாதாம்."

"வேற என்ன வேணும்? போட் விவரம் தெரிஞ்சா சரி" என்றாள் லெசியேலி.

கெலெப்பி கையிலிருந்த ஈர்க்குச்சியைத் துண்டு துண்டாக ஒடித்துக்கொண்டிருந்தான். "கிளம்பிருச்சுன்னு போட்டா, ஜனங்க நம்பி வந்து துறையில நிப்பாங்க. திரும்பிருச்சுன்னு தெரியறதுக்குள்ள நேரம் போயிரும். யாரு எதுக்காகக் கேக்குறாங்கன்னு ஆபீசுக்குத் தெரியணும். தெரிஞ்சா ஆபீஸ் வேற வழி சொல்லும். அதனால கேக்குறவங்களுக்குப் பொத்தான் வெக்கணும். ஏன் கேக்குறாங்கன்னு அவங்க அதைத் தொட்டாப் போதும். ஆபீஸ் போனுக்கு மெசேஜ் போயிரும்."

ஃபோலாவ் "பொத்தான் வெக்கணுமாம்" என்று ஆரம்பித்து, பாதியில் நின்றான். சொன்னது என்ன என்று அவனுக்கு அப்போதுதான் ஏறியது. கேலி பேசாத ஃபோலாவை அவள் அன்றுதான் பார்த்தாள். அவன் அதைத் திருப்பிச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

லெசியேலி லேப்டாப்பை மறுபடி திறந்தாள். மூன்று பொத்தான் எழுதினாள். ஊருக்குப் போக. சரக்கு அனுப்ப. சாவுக்குப் போக. நாலாவதில் கை நின்றது.

"நோயாளின்னு வெக்கட்டுமா, கேளுங்க" என்றாள்.

"நோயாளின்னு வெக்கலாமா மச்சான்?"

கெலெப்பி ஒடித்த ஈர்க்குச்சித் துண்டுகளை மண்ணில் வரிசையாக வைத்தான். "அதைத் தொட மாட்டாங்க" என்றான் கடைசியில். "சில பேரால அதைக்கூடத் தொட முடியாது அத்தான். எடுக்குற ஆளு யாருன்னு தெரிஞ்சா முடியாது. 'சொல்ல முடியாதது'ன்னு வெக்கச் சொல்லுங்க. அவ்வளவுதான். அதுக்கு மேல ஒண்ணும் கேக்கக்கூடாது. பாக்குறவங்களுக்குப் புரியும்."

அவள் அப்படியே தட்டச்சினாள். எழுத்து சரியாக இருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்தாள். பொத்தானைத் தொட்டால் சாதாரணக் குறுஞ்செய்தி போகிற மாதிரி எழுத ஞாயிறு போக மூன்று நாள் பிடித்தது. சிவப்பு எழுத்துகள் வந்தன, போயின. ஒவ்வொரு நாளும் கெலெப்பி வந்தான், முதுகு காட்டி உட்கார்ந்தான், சொன்னான். அவள் செய்தாள்.

செவ்வாய்க்கிழமை, முப்பதாம் தேதிக்கு முந்தின நாள், ஆப்பைக் கெலெப்பியின் போனிலும் ஏற்றினார்கள். அலுவலக போனை லெசியேலி வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தாள். அது மேஜைமேல் கிடந்தது.

"சோதிச்சுப் பாரு மச்சான்" என்றான் ஃபோலாவ். "எதை வேணா அமுக்கு. சரக்கு அனுப்பு. என் பன்னியை அனுப்பு."

கெலெப்பி போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். லெசியேலிக்கு அவன் பிடரியும் கறுப்புச் சட்டைக் காலரும் மட்டும் தெரிந்தது. அவன் ஒரு விரலை வைத்து எடுத்தான்.

அலுவலக போன் ஒரு முறை அதிர்ந்தது. அவள் எடுத்துப் பார்த்தாள்.

கெலெப்பி. படகு வருமா? காரணம்: சொல்ல முடியாதது.

"வந்துச்சா?" என்றான் ஃபோலாவ்.

 அந்த வரியை மறுபடி படித்தாள். நெஞ்சில் சுருக்கென்று வலித்தது.   பதினோரு மாதமாக அவள் உடம்பில் எதுவும் இப்படி வலிக்கவில்லை. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். ஜன்னல் கட்டையில் கை வைத்து நின்ற ஃபோலாவை ஒதுக்கிவிட்டு, அந்த இடத்தில் அவளே நின்றாள்.

"தம்பி" என்றாள்.

கெலெப்பி திரும்பவில்லை. முதுகு நிமிர்ந்தது.

"போட் கிளம்பிருச்சு. ஆனா அலை மோசமா இருக்கு, கேப்டன் இப்பத்தான் சொன்னான். திரும்பிரும்னு தோணுது. அதை நம்பி நிக்காதீங்க." அவள் குரல் பாடும்போது வருகிற அந்தக் கனத்த குரலாக இருந்தது, நடுநடுவே உடைந்தது. "எட்டரைக்கு பிளேன் இருக்கு. அதுல போங்க. இப்பவே கிளம்புங்க."

ஃபோலாவ் சுவரில் சாய்ந்து முகத்தை முழங்கையில் புதைத்துக்கொண்டான்.

"சரிங்கக்கா" என்றான் கெலெப்பி.

"நான் விமான ஆபீசுக்குப் போன் பண்ணி ரெண்டு சீட்டு சொல்லி வெக்கிறேன்."

"வைங்கக்கா. ரெண்டு சீட்டு."

அவன் எழுந்து போகவில்லை. அவளும் ஜன்னலை விட்டு நகரவில்லை. மரத்தடியில் அவன் தோள் குலுங்கியது, இந்த முறை சிரிப்பில்லை, அவளுக்கும் கண்ணீர் தாடையில் வழிந்து ஜன்னல் கட்டையில் சொட்டியது.